கிளட்ச் ஹோஸை மாற்றும் முன் ஸ்லேவ் ராடை அளந்து பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பழைய மேனுவல் பிக்கப். கிளட்ச் பெடல் தொளதொளவென்று இருக்கிறது, தரையை ஒட்டி வந்த பிறகுதான் கியர் விழுகிறது, ரிவர்ஸ் போடும்போது பல் உரசும் சத்தம் கேட்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) வரும் இரும்பு பைப், நடுவில் உட்கார்ந்து அதிர்வை அடக்கும் டாம்பர், கடைசியில் இருக்கும் ரப்பர் ஹோஸ் மூன்றையும் கழற்றிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயிலை வாங்கி கிளட்சை விடுவிக்கும் உருளை) வரைக்கும் ஒரே நீளமாக எஃகு வலை பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் சரியாகிவிடுமா, போடுவதென்றால் என்ன அளவில் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டிக்கு அடியில் படுத்தே பல வருடங்களைக் கழித்தவன் நான். என் கண்ணுக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஒன்று, ஹோஸை மாற்றலாமா என்பது. மாற்றலாம், அதில் தவறே இல்லை. இன்னொன்று, உங்கள் கோளாறு ஹோஸில்தான் இருக்கிறதா என்பது. நீங்கள் கேட்காமல் விட்ட இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும்.

அந்த லைன் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. மாஸ்டரில் நீங்கள் தள்ளும் ஆயிலை (பிரேக் ஆயில்தான்) அப்படியே ஸ்லேவுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது. பெடல் கனமாக இருக்குமா லேசாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெடலின் நெம்பு விகிதமும், மாஸ்டர், ஸ்லேவ் இரண்டின் உள்விட்டமும்தான். ஹோஸ் எவ்வளவு தடிமன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாஸ்டர் 15.87 மி.மீ., ஸ்லேவ் 20.64 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் வரும் அளவுகள்தான் இவை. பரப்பளவில் ஸ்லேவ் 1.69 மடங்கு பெரியது. பெடல் 15 செ.மீ. இறங்குகிறது, நெம்பு விகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், மாஸ்டர் ராட் 25 மி.மீ. உள்ளே போகும். ரிசர்வாயரிலிருந்து (மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பா) ஆயில் வரும் சின்ன ஓட்டையை மூடுவதற்கே அதில் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். மீதி 24 மி.மீ. ஸ்லேவ் பக்கம் வரும்போது 14 மி.மீ. ஆகிறது. கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கை நகர்த்த உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எங்கேயாவது தொலைந்தால் கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடாது, ரிவர்ஸ் உரசும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுதான்.

அதனால் எதையும் கழற்றும் முன் ஸ்லேவ் ராடை (ஸ்லேவிலிருந்து நீண்டு ஃபோர்க்கைத் தள்ளும் கம்பி) அளந்து பாருங்கள். ஸ்லேவ், பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளியே இருந்தால் இது பத்து நிமிட வேலை. எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் போங்கள். ராட் ஃபோர்க்கைத் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, பக்கத்தில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவரை பெடலைத் தரைவரைக்கும் மெதுவாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று எழுதி வையுங்கள். வர வேண்டிய கணக்கை உங்கள் வண்டியின் உள்விட்டங்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். 14 வர வேண்டிய இடத்தில் 11 வந்தால், தொலைந்தது கிட்டத்தட்ட ஒரு சிசி ஆயில். 14-க்கு 14 வந்தும் கியர் உரசினால், குறை லைனில் இல்லை. தேய்ந்த ஃபோர்க் பிவட், வளைந்த பிளேட், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் உடைந்த விரல் என்று பெல் ஹவுசிங்குக்குள் தேட வேண்டியதுதான். அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஹோஸ் போட்டாலும் பணம் வீண். ஸ்லேவ் உள்ளே, அந்த விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும் வகை என்றால் இப்படி அளக்க முடியாது. அப்போது பெடலை வைத்தே அனுமானிக்க வேண்டியிருக்கும்.

அந்த ஒரு சிசி எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் காற்று. நீங்கள் 12 கிலோ எடை கொடுத்து மிதித்தால், மேலே சொன்ன அளவுகளின்படி லைனுக்குள் சதுர செ.மீ.க்கு 36 கிலோ அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் ஒரு சிசி காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் நசுங்கிவிடும். நீங்கள் தள்ளிய ஆயில் ஃபோர்க்கைத் தள்ளுவதற்குப் பதில் காற்றை நசுக்கியதோடு தீர்ந்துபோகும். பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்ததும் பிடிமானம் மேலே ஏறுகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் காற்று. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, முதல் கியரில் போட்டு, அப்படியே அரை நிமிடம் பிடித்தால் வண்டி மெல்ல ஊர ஆரம்பிக்கிறதா? (திறந்த இடத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாமல் செய்யுங்கள்.) அது மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்பக்கம் ஒழுகுவதன் அறிகுறி. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. மூன்றாவதாக, ஒருவர் மிதிக்கும்போது பயர்வாலை (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பாருங்கள். பழைய பிக்கப்களில் மாஸ்டர் போல்ட் போட்ட தகடு விரிசல் விட்டு, மிதிக்கும்போது மாஸ்டரே முன்னால் நகரும். கையை வைத்தாலே தெரியும். மாஸ்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டரும் நஷ்டம். இதைப் பார்க்காமல் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் ஹோஸும் குற்றவாளியாக இருக்கலாம். வயதான ஹோஸ் மிதிக்கும்போது உப்பும். ஒருவர் மிதிக்க, நீங்கள் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் அது விரலைத் தள்ளுவது தெரியும். இன்னொரு விதமாகவும் கெடும். உள்சுவர் பிய்ந்து நாக்கு மாதிரித் தொங்கி, ஆயில் திரும்பி வரும் வழியை மட்டும் அடைக்கும். அப்போது அறிகுறி தலைகீழாக இருக்கும். பெடலை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். உங்கள் அறிகுறி அதுவல்ல. எப்படியானாலும், வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத ரப்பர் ஹோஸ் என்றால், வேறு காரணமே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

டாம்பருக்கு வருவோம். பல பிக்கப்களில் லைனின் நடுவே ஒரு சின்ன டப்பா இருக்கும், அல்லது பைப்பைச் சுருள் சுருளாக வளைத்து வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் இணைப்புக்குள்ளேயே பொடி ஓட்டை போட்ட வால்வு ஒளிந்திருக்கும். இரண்டும் வேறு வேறு சாமான்கள். டாம்பர் எஞ்சின் அதிர்வு ஆயில் வழியாக உங்கள் பாதத்துக்கு வராமல் தடுப்பதற்கு. பொடி ஓட்டை வால்வு, நீங்கள் பெடலைச் சட்டென்று விட்டாலும் கிளட்ச் சட்டென்று பிடிக்காமல் தாமதப்படுத்துவதற்கு. டாம்பரை எடுத்தால் பெடல் கொஞ்சம் கெட்டிப்படும், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது காலுக்குத் துல்லியமாகத் தெரியும். இது நிச்சயம். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சில ஆர்.பி.எம்.மில் பெடலில் ஒரு நடுக்கம் வரலாம். இது வண்டிக்கு வண்டி மாறும். சிலருக்குத் தெரிவதே இல்லை, சிலரால் தாங்க முடிவதில்லை. தாமத வால்வை எடுத்தால் கிளட்சின் ஆயுள் கூடுமா குறையுமா என்பதில் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வழுக்கும் நேரம் குறைவதால் பிளேட் தேய்வது குறையலாம். அதே சமயம் பெடலை முரட்டுத்தனமாக விடுகிறவர் கையில் அந்த அதிர்ச்சி முழுதும் புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் போகும். பாரம் ஏற்றும் வண்டியை ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் ஓட்டினால், தாமத வால்வைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் மட்டும் ஓட்டுகிற வண்டி, உங்கள் கால் பழகிய கால் என்றால் எடுத்துப் பார்க்கலாம். எடுத்ததைத் தூக்கி எறியாமல் வையுங்கள், பிடிக்காவிட்டால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இப்போது ஹோஸின் அளவு. ரேஸ் வண்டிக்குப் போடும் பின்னல் ஹோஸில் இரண்டு அளவுகளை எல்லோரும் பேசுவார்கள். மூன்றாம் நம்பர், உள்விட்டம் சுமார் 3.2 மி.மீ. நான்காம் நம்பர், சுமார் 5.5 மி.மீ. பெரியது நல்லது என்று நினைத்து நான்காம் நம்பரை வாங்குகிறவர்கள்தான் அதிகம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு முழு மிதியில் மாஸ்டர் தள்ளுவது கிட்டத்தட்ட 4.75 சிசி. மூன்றாம் நம்பர் ஹோஸில் அது 60 செ.மீ. நீளத்துக்கு ஓடும். நான்காம் நம்பரில் 20 செ.மீ.தான். உங்களுக்கு ஒன்றரை மீட்டர் ஹோஸ் தேவை என்றால், சின்னதைக் காலி செய்ய மூன்று மிதி போதும், பெரியதற்கு எட்டு. ஏர் எடுக்கும்போது (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) இதன் வித்தியாசம் தெரியும். சின்ன ஹோஸில் ஆயில் வேகமாக ஓடி, குமிழியைத் தன்னோடு அடித்துக்கொண்டு போகும். பெரிய ஹோஸில் ஆயில் மெதுவாக நகரும், அதற்குள் குமிழி மேலே ஏறிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடும் குளிரில் ஆயில் கெட்டியாகும்போது பெரிய ஹோஸ் ஆயிலைச் சீக்கிரம் ஓடவிடும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ஓட்டத்தில் காலுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. உங்களுக்கு மூன்றாம் நம்பர் போதும். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே எஃகுப் பின்னல், அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த உறை அழகுக்காக இல்லை. உறையில்லாத எஃகுப் பின்னல் அரம் மாதிரி. பக்கத்தில் இருக்கும் பிரேக் பைப்பிலோ வயரிங்கிலோ உரசினால், சில மாதங்களில் அதை அறுத்துவிடும்.

நான் பார்த்தவரையில் இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மரைதான். 10 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. பிட்ச் மரையும், எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று மரையும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். அங்குல மரை விட்டத்தில் அரை மி.மீ. குறைவு, 9.5 மி.மீ.தான் இருக்கும். அதனால் மில்லிமீட்டர் துளைக்குள் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். அப்புறம் இறுக்கும்போது மரை உரிந்துவிடும். ஸ்லேவ் அலுமினியம் என்றால் ஸ்லேவே போச்சு. மரைக்கு ஏற்ற கேஜ் வைத்துப் பாருங்கள், அல்லது பழைய நட்டைப் புதிய பிட்டிங்கில் (ஹோஸ் முனையின் இணைப்பு) விரலால் திருகிப் பாருங்கள். கடைசிவரை விரலாலேயே போக வேண்டும். அதே மாதிரி பைப் முனையின் விரிப்பும் ஒத்துப்போக வேண்டும். வண்டியில் வருவது 45 டிகிரி இரட்டை மடிப்பாகவோ குமிழ் வடிவமாகவோ இருக்கும். ரேஸ் பிட்டிங் 37 டிகிரி. இவற்றை நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்து எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இடையில் அதற்கான அடாப்டர் வேண்டும். குழாய் வேலைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை இந்த மரைகளில் சுற்றவே கூடாது. இங்கே கசிவைத் தடுப்பது கூம்பு முகம், மரை அல்ல. நடுவில் ஆயில் ஓட ஓட்டை உள்ள பேஞ்சோ போல்ட் என்றால் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். இரும்பு பைப்புக்குப் பதில் வெறும் செம்புக் குழாய் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்பு நிக்கல் கலவைக் குழாய் என்றால் சரி.

பாதை எப்படிப் போக வேண்டும் என்பதில் நானே ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து தள்ளிப் போக வேண்டும் என்று ஹோஸை மேலே தூக்கி, பயர்வாலில் ஒரு கிளிப் போட்டு, அங்கிருந்து பெல் ஹவுசிங்குக்கு இறக்கினேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஆனால் இரண்டு நாள் ஏர் எடுத்தும் பெடல் ஏறவில்லை. புது மாஸ்டரைச் சந்தேகப்பட்டு அதைக் கழற்றும் நேரத்தில்தான், எதேச்சையாகப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அந்த கிளிப் இருந்த இடம் மாஸ்டரின் வாயைவிட நாலு விரல் உயரம். காற்று அந்த மேட்டில் போய் உட்கார்ந்திருந்தது. மேலேயும் போக வழியில்லை, கீழேயும் இறங்காது. கிளிப்பைக் கழற்றி ஹோஸைத் தாழ்த்திப் பிடித்து, விரலால் தட்டிக்கொண்டே பெடலை மெல்ல அசைக்கச் சொன்னேன். ரிசர்வாயரில் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன, கடைசியில் பெரிதாக ஒன்று. அத்தோடு சரி. ஸ்லேவிலிருந்து மாஸ்டர் வரைக்கும் லைன் எங்கேயும் கூன் போடாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது அன்று எனக்கு மனதில் பதிந்தது. அடுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், பயர்வால் ஆடாது. ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அந்த ஆட்டம் முழுக்க பிட்டிங்கில் விழும். கொஞ்சம் தளர்வு விடுங்கள், ஆனால் 5 செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக வளைக்காதீர்கள். டெஃப்லான் ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். ஸ்டீரிங் ஷாஃப்ட்டைத் தொடவே கூடாது. ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் அல்லது டர்போ பக்கமாகத்தான் போயாக வேண்டும் என்றால் சூடு தடுக்கும் உறை போடுங்கள்.

சூடு ஏன் முக்கியம் என்றால், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-இலிருந்து 140. ஓடி முடித்த சூட்டில் மட்டும் பெடல் தொய்ந்து, ஆறியதும் சரியாகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். டாட் 5 என்று விற்பது சிலிகான் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5.1 வேறு, அது கலக்கும். எஞ்சின் ஆயில், பெட்ரோல் இரண்டும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது, கப் ரப்பர் ஊதிவிடும். பெயிண்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்க, பெடலை அடித்து அடித்து மிதிக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. காலியான லைனில் அதைவிடக் கீழிருந்து மேலே ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த முறை. ரிசர்வாயரில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஸ்லேவ் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) ஒரு குழாயை மாட்டி, சுத்தமான பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை மெதுவாக ஏற்றுங்கள். காற்று மேலே போகத்தான் பார்க்கும், நாமும் அதே திசையில் தள்ளுகிறோம். ரிசர்வாயர் நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் வழக்கமான முறையில், மிதித்துப் பிடித்து, நிப்பிளைத் திறந்து மூடி, பிறகு பெடலை விட்டு, ஐந்தாறு முறை செய்தால் போதும். ஸ்லேவை பெல் ஹவுசிங்கிலிருந்து கழற்றி வைத்திருக்கும்போது யாரும் பெடலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே குதித்துவிடும். உள்ளே இருக்கும் வகை ஸ்லேவ் என்றால், காற்றோடு வேகமாக மிதிப்பது அதன் சீலைக் கெடுக்கும். மெதுவாகச் செய்யுங்கள்.

இந்த வேலையோடு சேர்த்துப் பெரிய மாஸ்டர் போடலாமா என்று அடுத்து தோன்றும். 15.87-க்குப் பதில் 19.05 மி.மீ. போட்டால் ஸ்லேவ் நகர்வு 44 சதவீதம் கூடும், பெடல் கனமும் அதே அளவு கூடும். 12 கிலோ 17 ஆகும். நகர்வு 14-இலிருந்து 20 மி.மீ.க்குப் போனால் பிரஷர் பிளேட் விரல்களை அளவுக்கு மீறி வளைக்கும். பெரிய கிளட்ச் போடாத வண்டிக்கு இது வேண்டாம். மாஸ்டர் ராடின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவு தளர்வு இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள். பெடல் மேலே வர வேண்டும் என்று ராடை முழுக்க நீட்டிவிட்டால் ரிசர்வாயரிலிருந்து ஆயில் வரும் அந்தச் சின்ன ஓட்டை எப்போதும் மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் திரும்ப வழியில்லாமல் கிளட்சைத் தானாகவே தள்ளி வழுக்க வைக்கும். வண்டி சூடானதும் வழுக்குகிறது, நின்று ஆறினால் சரியாகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் தொடுவது இந்த ராடைத்தான்.

உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் இங்கிருந்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன அறிகுறிக்கு நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். ராடை அளப்பேன், பயர்வாலைப் பார்ப்பேன், ஊரும் சோதனை செய்வேன், பழைய லைனிலேயே ஒருமுறை நன்றாக ஏர் எடுத்து மறுபடி அளப்பேன். அதற்கும் மசியாவிட்டால்தான் ஹோஸ். அப்போது இரும்பு பைப்பை இருந்தபடி விட்டுவிட்டு ரப்பர் துண்டை மட்டும் பின்னல் ஹோஸாக மாற்றுவதே போதுமானது. உப்புவது ரப்பர்தான், இரும்பு அல்ல. மாற்றியதும் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றிக் கட்டி, பெடலை ஐம்பது முறை மிதியுங்கள். தாளில் ஈரம் பட்டிருந்தால் அந்த இணைப்பைக் கழற்றி முகத்தைப் பாருங்கள், இன்னும் இறுக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அடியில் போய் தாளையும் ஹோஸ் உரசும் இடங்களையும் பாருங்கள். பழைய அளவும் புதிய அளவும் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.